எழுதாத கடைசி வரி

இரவு இரண்டு மணி.
நாரினில் மைனஸ் இருபத்தாறு.
ஹீட்டர் மேல் என் கையுறைகள் காய்கின்றன.
நான் நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி,
கணவாய்க்கு அப்பால்,
காரா-தால் மருத்துவமனையின் ரவுட்டருக்குள் இருக்கிறேன்;
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் இமைக்கும் அளவுக்கு.

டாக்டரின் புகார்:
எக்ஸ்ரே படம் ஒன்று பிஷ்கெக் போய்ச் சேர நாற்பது நிமிடம்.
யாரோ மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.
கணக்கைப் பார்த்தேன்.
10.44.7.23.
முகமில்லை, வயதில்லை,
வெறும் இருபத்து மூன்று.

ரவுட்டரில் எனக்குப் பிடித்தது அதன் அறியாமை.
உலகம் அதற்குத் தெரியாது.
அடுத்த வாசல் எது என்பது தெரியும்.
அறியாத முகவரிக்கெல்லாம் ஒரே பதில், நான்கு சுழியம்:
அதோ, அவரிடம் கேள்.
அவருக்கும் தெரியாது, அவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.
கேட்டுக் கேட்டே
குதிரையிலிருந்து விழுந்தவனின் கால் எலும்பு
தலைநகரம் போய்விடுகிறது.
ஒரே இடத்தைச் சுற்றி வருபவையும் உண்டு;
படிக்கு ஒன்றாய் ஆயுள் குறைந்து
எங்கோ உதிர்ந்துபோகும்.

பட்டியல் எழுதினேன்.
எக்ஸ்ரே அறைக்கு அனுமதி.
பள்ளிக்கூடத்துக்கு அனுமதி.
தடுப்பூசிப் பெட்டியின் வெப்பமானிக்கும்.
இருபத்து மூன்றுக்கு இல்லை.
அதை நுழைவாயிலில் மாட்டி
என்டர் தட்டினேன்.
வெள்ளைக் கட்டம் இமைக்கவில்லை.

இந்தப் பட்டியல்களின் அடியில்
யாரும் எழுதாத வரி ஒன்று உண்டு.
திரையில் தெரியாது:
மற்ற எவருக்கும் இல்லை.
பதினொரு வருடமாக எனக்குத் தெரியும்.
மற்ற எவரும் என்பதில் நானும் சேர்த்தி என்பதுதான்
நுனிக்கொம்பில் உட்கார்ந்து
அடிக்கொம்பை வெட்டிய பிறகு உறைத்தது.

பத்து நிமிடத்தில் நீயே விழித்துக்கொள் என்று
தொடங்குமுன் சொல்லிவைப்பது வழக்கம்.
இன்று சொல்லவில்லை.
காரணமெல்லாம் இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

லேண்ட்லைன் பதினான்கு முறை அடித்தது.
காவலாளி எடுத்தான்.
ஜோல்தோஷ்பெக்.
வழித்துணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாவம்.
“சாம்பல் நிறப் பெட்டி, நான்கு பச்சை விளக்கு,
அதன் பிளக்கைப் பிடுங்கு.”
பிடுங்கினான்.
“அக்கா, ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது.”
“மாட்டு! திரும்ப மாட்டு! அதற்குப் பக்கத்தில்...”
“இதுவா?”
“அதுதான். முப்பது எண்ணு.”

பிர், எகி, உச், தோர்த்
என்று வாய்விட்டு எண்ணினான்.
நான் மாற்றியதைச் சேமித்திருக்கவில்லை.
பிழைத்தது அதனால்.
மின்சாரம் போனால் என் முட்டாள்தனம் அதற்கு மறந்துபோகும்,
நேற்று எப்படி இருந்ததோ
அப்படி எழும்.

பதினேழில் எண்ணுவதை நிறுத்திக் கேட்டான்:
“அக்கா, என் போனும் இதில்தான் இருக்கிறதா?
எல்மிரா பேசிக்கொண்டிருந்தாள். கசானிலிருந்து.
கோழித் தொழிற்சாலையில் அவளுக்கு இரவு ஷிப்ட்,
இடைவேளை இருபது நிமிடம்.
குழந்தையின் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்,
பாதிச் சொல்லில் உறைந்துவிட்டாள்.
வாய் திறந்தபடி இருக்கிறது.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.
போனின் எண் என்ன என்று கேட்கவில்லை.
“மாட்டு,” என்றேன்.
“இன்னும் பதிமூன்று பாக்கி.”
“போதும்.”

ஐந்து ஆச்சரியக்குறிகள் வந்தன.
கூப்பிட்டால் குரல் கொடுக்கிறது என்று அர்த்தம்.
இந்த முறை முதல் வரியில் என்னை எழுதினேன்.
பிறகு எக்ஸ்ரே, பள்ளி, வெப்பமானி.
இருபத்து மூன்றுக்கு வந்தபோது
கை கொஞ்சம் நின்றது.
காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மறுப்பு.
மற்ற நேரம் அனுமதி.
டாக்டர் கேட்டால் எக்ஸ்ரே பகலில்தானே என்பேன்.

சேமித்தேன்.
போனை அவன் இன்னும் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ பொங்கி வழிகிற சத்தம்,
அதற்கும் பின்னால், கசானில்,
ஒரு பெண் விட்ட சொல்லிலிருந்து தொடங்குகிறாள்.
இடைவேளையில் மிச்சம் எத்தனை நிமிடம்
என்று எனக்குத் தெரியாது.